கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து கழிமுகத்துக்குப் போய் கயாக்கில் நண்டு பிடிக்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நம் இரண்டு மாவட்டத்திலும் கடல் கிடையாது. வரப்பு வளையில் கைவிட்டு வயல் நண்டு பிடிக்கத் தெரியும், கிணற்றில் நீச்சல் தெரியும், ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியிருப்போம். ஆனால் கடல் தண்ணீர் உள்ளே ஏறி இறங்குகிற ஆறு நமக்குப் பழக்கமில்லாதது. நம் ஊரில் ஆறு ஒரே திசையில் ஓடும். கழிமுகத்தில் ஒரே நாளில் நான்கு முறை திசை மாறும். நண்டு கிடைப்பதும், பத்திரமாகக் கரை சேர்வதும் இந்தத் திசை மாற்றத்தை ஒட்டியே நடக்கின்றன.

இதைக் கற்றுக்கொள்ள எனக்கு வெகுநாள் பிடித்தது. படகு விற்கிறவருக்குப் படகு மட்டும் தெரியும். மீனவருக்குத் தண்ணீர் தெரியும், ஆனால் நமக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரியாது. ஓர் அரசு அலுவலகத்தில் கேட்டபோது மேசை மேசையாக அனுப்பினார்களே தவிர, கயாக் என்கிற, துடுப்புப் போட்டு ஓட்டும், இயந்திரம் இல்லாத சின்னப் படகைப் பற்றி யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் ஏற்ற வற்ற நேரம், அப்புறம்தான் விடுமுறை

நாம் செய்யும் முதல் காரியம் ஞாயிற்றுக்கிழமையைக் குறிப்பது. அதை மாற்றுங்கள். முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏற்றம் எப்போது உச்சம் தொடுகிறது என்பதைத்தான்.

தமிழ்நாட்டுக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் 50 நிமிடம் அளவுக்குத் தள்ளிப்போகும். இந்த ஞாயிறு காலை 7 மணிக்கு உச்சம் என்றால், அடுத்த ஞாயிறு அது நண்பகல் தாண்டிவிடும். அதற்கடுத்த ஞாயிறு மறுபடி காலை 6 மணியைச் சுற்றி வந்து நிற்கும். அதாவது ஒரு ஞாயிறு வாய்த்தால் அடுத்தது வாய்க்காது. இந்தக் கணக்கு தெரியாமல் அறை எடுத்து, விடுப்பு போட்டு, 250 கிலோமீட்டர் வண்டி ஓட்டிப்போய், வற்றிய சேற்றைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு.

நண்டு பெரும்பாலும் ஏற்றத்தோடு சேர்ந்து ஓரத்துக்கும் ஓடைக்குள்ளும் இரை தேடி வரும். உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து, உச்சம் கழிந்து ஒரு மணி நேரம் வரைதான் நமக்கு வேலை. அந்த மூன்று மணி நேரம் விடியலுக்கும் பத்து மணிக்கும் இடையில் விழுகிற நாளைத் தேர்ந்தெடுங்கள். பத்து, பதினொன்றுக்கு மேல் கடல்காற்று வலுத்தால் கயாக்கைத் திசைதிருப்பவே கை ஓய்ந்துவிடும்.

நேரத்தை ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் தளத்தில் பார்க்கலாம். இந்திய நில அளவைத் துறையும் ஆண்டுதோறும் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகிறது. உங்கள் ஆற்றுக்குப் பக்கத்துத் துறைமுகத்தின் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முகத்துவாரத்துக்குத்தான் பொருந்தும். ஆற்றுக்குள் போகப் போக உச்சம் தாமதமாகும். எவ்வளவு தாமதம் என்பதை அந்த ஊர்க்காரர்தான் சொல்ல முடியும், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு நாள்காட்டித் தாளும் உதவும். அமாவாசை, பௌர்ணமி நாளிலும் அடுத்த ஓரிரு நாளிலும் ஏற்றமும் வற்றமும் பெரிது, இழுவையும் அதிகம். நண்டும் அப்போது அதிகம் நடமாடும் என்பார்கள், இருந்தாலும் முதல் பயணத்துக்கு அந்த நாட்கள் வேண்டாம். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களிலும் ஒரு மீட்டரை ஒட்டித்தான் இருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும். அவ்வளவு தண்ணீரும் ஒரு குறுகலான வாய் வழியாக வெளியேறும்போது எதிர்த்துத் துடுப்புப் போட்டுப் பார்த்தால்தான் அதன் வலு தெரியும்.

2. எந்த ஆறு, எந்த மாதம்

கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தென்பெண்ணை மேல் தனிப் பாசம் இருக்கும். கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணை, காவேரிப்பட்டணம் என்று நம்மைத் தொட்டுக்கொண்டு போகிற ஆறு, சாத்தனூர் தாண்டி, கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது. நல்ல இடம்தான். ஆனால் வறண்ட மாதங்களில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்வது உண்டு. அடைத்துவிட்டால் ஏற்றம் உள்ளே வராது, நீங்கள் பார்த்த அட்டவணையும் பயன்படாது. போகும் முன் உள்ளூரில் ஒருவரிடம் “வாய் திறந்திருக்கா?” என்று கேளுங்கள்.

கடலூர் முதுநகர் பக்கத்து உப்பனாறு, சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடுகிறது. விசைப்படகுப் போக்குவரத்தும் உண்டு. அங்கே பிடித்ததை என் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிச்சாவரம் அழகுதான், ஆனால் அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே மீனோ நண்டோ பிடிப்பது குற்றம். சொந்தக் கயாக்கை இறக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். சுற்றிப் பார்க்க அங்கே படகு இல்லம் இருக்கிறது.

புதியவர்களுக்கு நான் சொல்வது பரங்கிப்பேட்டையில் கடல் சேரும் வெள்ளாறு. ஆறு அகலம், உள்ளே நெடுந்தூரம் ஏற்றம் வரும், கழி நண்டு (சேற்று நண்டு) உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அந்தக் கரையில்தான் இருக்கிறது. தருமபுரியிலிருந்து சேலம், ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம், சிதம்பரம் வழியாக வந்தால் ஐந்து, ஆறு மணி நேரம். கிருஷ்ணகிரிக்காரர்கள் ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை வழியாகக் கடலூர் வந்து தெற்கே இறங்கலாம். முந்தின நாள் மாலையே சிதம்பரத்தில் தங்கிவிடுங்கள். இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டு விடியலில் தண்ணீரில் இறங்குவது ஆபத்து.

மாதம் என்றால், ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகவே கூடாது. இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. தென்பெண்ணையின் வெள்ளம் முதலில் தெரிவது நம் மாவட்டத்தில்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. அப்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட, கீழே விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் மூழ்கின. மேலே மழை பெய்தால், கீழே வெயில் அடித்தாலும் கழிமுகத்துக்குப் போகாதீர்கள். வெள்ளத்தண்ணீர் உப்பைத் தள்ளிக்கொண்டு போய்விடும், நண்டும் இடம் மாறிவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான். இருந்தாலும் அந்த மாதங்களில் நான் போவதில்லை. ஊரே வருமானம் குறைந்து உட்கார்ந்திருக்கும்போது, பொழுதுபோக்குக்கு அவர்கள் ஆற்றில் கூண்டு போடுவது முறையாகப் படவில்லை.

3. யாரிடம் சொல்ல வேண்டும், என்ன தாள் வேண்டும்

பலரும் தாண்டிப்போகும் படி இதுதான். பிரச்சினை வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் ஊர். கடலோர மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தின் சொல்லுக்கு மதிப்பு அதிகம். யார் எங்கே வலை கட்டுவது என்பதெல்லாம் அவர்களுக்குள் பேசி வைத்தது. முன்பின் தெரியாத ஆள் வந்து நண்டு பிடிக்கும் வலைவளையம் போட்டால் கோபம் வருவது நியாயம். இறங்கும் இடத்துக்குப் பக்கத்து ஊரில் தலைவரையோ பெரியவர் ஒருவரையோ பார்த்து, “வீட்டுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பிடிச்சுக்கிறோம், விக்க மாட்டோம், எந்தப் பக்கம் போடலாம்னு நீங்களே சொல்லுங்க” என்று கேளுங்கள். கேட்டால் இடம் காட்டுவார்கள். கூடவே எங்கே சேறு, எங்கே பாறை, எங்கே பழைய வலைக்கம்பு என்றும் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது காவல். அந்தப் பகுதிக் கடலோரக் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். பெயர், முகவரி, கைப்பேசி எண், வண்டி எண், படகின் நிறம், எத்தனை பேர், எந்த நாள் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எங்கே இறங்கி எங்கே ஏறுவீர்கள், அவசரத்துக்கு வீட்டில் யாரை அழைப்பது. இரண்டு படி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேளுங்கள். ஆதார் நகல் இணையுங்கள். மீன்வளத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் அதே கடிதத்தின் நகலைக் கொடுத்து, கயாக்குக்குத் தனி அனுமதி ஏதாவது தேவையா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்பாதீர்கள், அடுத்த வாரம் வேறொருவர் அதே நாற்காலியில் இருப்பார். இதற்குப் பணம் ஆகாது, ஆனால் ஒரு வேலைநாள் ஆகும். சனி, ஞாயிறு பிடிக்கிற திட்டம் என்றால் வெள்ளி மதியமே போய்ச் சேர வேண்டும்.

அசல் ஆதாரைத் தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டாம். நகலை மெழுகுத்தாள் உறையில் போட்டுப் பையில் வையுங்கள். 1093 தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழும எண், 1554 இந்தியக் கடலோரக் காவல்படை எண். இரண்டையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்.

4. படகு

உட்காரும் இடம் திறந்திருக்கிற அகலமான கயாக்தான் நண்டுக்கு ஏற்றது. கால்கள் உள்ளே புதைந்து உட்காரும் ஒல்லியான வகையில் ஈர வளையத்தை எங்கே வைப்பீர்கள்? கெட்டிப் பிளாஸ்டிக் கயாக் மூன்று மீட்டர் நீளம், காரின் கூரையில் கட்டித்தான் கொண்டுபோக வேண்டும். காற்றடைக்கும் வகை டிக்கியில் அடங்கும், இருவர் உட்காரும் அளவுக்கு 25,000 முதல் 35,000 ரூபாய் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தூரத்துக்கு இதுதான் தோது. ஆனால் அலையாத்தி வேரிலும் பாலத்தூணிலும் ஒட்டியிருக்கும் சிப்பி, பிளேடு போலக் கிழிக்கும். பஞ்சர் ஒட்டும் பொருள் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

லைஃப் ஜாக்கெட் 1,500 ரூபாய்க்குக் குறைந்து வாங்காதீர்கள். இடுப்புப் பட்டையும் கால் இடுக்குப் பட்டையும் இருக்க வேண்டும். கிணற்றில் தலைகீழாகக் குதித்துப் பழகிய நீச்சல் இங்கே போதாது. கிணற்றுத் தண்ணீர் நம்மை எங்கும் இழுத்துப்போகாது.

வாங்கும் முன் ஒரு முறையாவது வாடகைக் கயாக்கில், சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் இடத்தில் ஏறிப் பாருங்கள். மார்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழ்ந்து, திரும்ப ஏறிப் பழகுங்கள். அது கைவராதவரை கழிமுகம் வேண்டாம். பழகுகிறேன் என்று கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல்லிலோ அனுமதியின்றிப் படகை இறக்காதீர்கள். காவிரியில் அந்தப் பகுதியில் முதலையும் உண்டு.

5. வளையமும் இரையும்

மடக்குக் கூண்டு விற்கிறார்கள். ஆனால் கயாக்குக்கு வளைய வலைதான் நல்லது. வளையமே ஒரு தட்டையான வலைத்தட்டு, கீழே இறக்கினால் தரையில் படிந்து கிடக்கும். நண்டு இரைமேல் ஏறியதும் தூக்கினால் தட்டு கிண்ணமாகிவிடும். கூண்டு கயிறு அறுந்து காணாமல் போனால், உள்ளே மாட்டியவை வெளியேற வழியின்றிச் சாகும். வளையத்தில் அந்தப் பாவம் இல்லை.

இதை நம் ஊரிலேயே செய்துகொள்ளலாம். பழைய சைக்கிள் ரிம்மை சைக்கிள் கடையிலோ பழைய இரும்புக் கடையிலோ எடை போட்டு வாங்குங்கள். சிறுவர் சைக்கிள் ரிம் இன்னும் வசதி, கயாக்கில் அடுக்கிவைக்க இடம் பிடிக்காது. நடுவில் கொஞ்சம் தொய்வு விட்டு வலையைக் கட்டுங்கள், இறுக்கிக் கட்டினால் தூக்கும்போது நண்டு வழுக்கிவிடும். ரிம்மில் ஆரக்கம்பி போகும் துளைகள் இருப்பதால் வலையைக் கோப்பது சுலபம். சம தூரத்தில் மூன்று கயிறு கட்டி, ஒரு முழம் உயரத்தில் ஒன்றாக முடிந்து, அதிலிருந்து ஐந்தாறு மீட்டர் நைலான் கயிறு. நுனியில் மூடிய பிளாஸ்டிக் பாட்டில் மிதவை, அதில் உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும். முடிச்சுகள் மூன்றும் ஒரே அளவாக இல்லாவிட்டால் வளையம் சாய்ந்து எழும், நண்டு இறங்கி நடந்துவிடும். வீட்டு வாசலில் தொங்கவிட்டுப் பார்த்து, நேராக நிற்கும்வரை அவிழ்த்துக் கட்டுங்கள். ஒன்றுக்கு இருநூறு ரூபாய்க்குள் முடியும். ஆளுக்கு நான்கு போதும், அதற்குமேல் கயாக்கில் சிக்கல்தான்.

இரைக்கு மீன் தலை சிறந்தது. கே.ஆர்.பி. அணைப் பக்கம் ஜிலேபி மீன் வெட்டுகிற இடத்தில் தலை கேட்டால் கொடுப்பார்கள். உறையவைத்து எடுத்துப் போங்கள். பிராய்லர் கடையில் கோழித்தலையும் தோலும் கிடைக்கும். வலையின் நடுவில் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். நூலில் கட்டினால் சின்ன மீன்களும் நண்டும் சேர்ந்து அவிழ்த்துவிடும்.

6. தண்ணீரில்

முதல் தடவை உள்ளூர்ப் படகுக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் தன் படகில் முன்னே போக, நீங்கள் கயாக்கில் பின்னே. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கொடுத்தாலும் தகும். எனக்கு வந்தவர் சொன்னது: “தண்ணி திரும்புறதுக்குள்ள நீங்க திரும்பிடணும் தம்பி, அவ்வளவுதான் விஷயம்.”

அதன் பொருள் இதுதான். இறங்குமிடம் முகத்துவாரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கட்டும். ஏற்றம் ஓடும்போது அதோடு சேர்ந்து உள்நாட்டுப் பக்கம் போங்கள். உச்சத்தில் தண்ணீர் நின்று நிதானிக்கும், அப்போது வேலையை முடியுங்கள். வற்றம் தொடங்கியதும் அதே தண்ணீர் உங்களைப் புறப்பட்ட இடத்துக்குக் கொண்டுவரும். இறங்குமிடத்தைத் தாண்டிக் கடல் பக்கம் ஒரு துடுப்புகூட வேண்டாம். வற்றத்தில் வாய்ப்பக்கம் மாட்டினால், வெளியே போகிற ஆறும் உள்ளே வருகிற அலையும் மோதுகிற இடத்துக்கு நீங்கள் போய்ச் சேருவீர்கள்.

வளையத்தை நட்டாற்றில் போடாதீர்கள். சின்ன ஓடை ஆற்றில் சேரும் வாய், ஆழம் சரியும் விளிம்பு, ஓரத்துச் செடி நிழல், இரண்டு ஆள் ஆழத்துக்குள். ஒன்றுக்கொன்று இருபது முப்பது மீட்டர் இடைவெளி. யாருடைய வலை, கூண்டு மிதவை கண்ணில் பட்டாலும் விலகிப் போங்கள். கால் மணி நேரம் கழித்து முதல் வளையத்துக்குத் திரும்புங்கள்.

எடுக்கும் விதம் முக்கியம். நீரோட்டத்துக்கு எதிர்முகமாக மெல்ல மிதவையை நெருங்குங்கள், அப்போதுதான் கயாக் கயிற்றின்மேல் ஏறாது. துடுப்பை மடியில் குறுக்கே வைத்து, கயிற்றின் தொய்வை மட்டும் முதலில் சுருட்டுங்கள். பிறகு நிறுத்தாமல் ஒரே மூச்சில் இழுங்கள். நடுவில் தயங்கினால் நண்டு நீந்திவிடும். உடலைப் பக்கவாட்டில் சாய்க்காமல், முழங்கையைப் படகு விளிம்பில் ஊன்றி இழுத்தால் கவிழாது. கயிற்றைக் கையிலோ காலிலோ சுற்றிக்கொள்ளவே கூடாது.

வளையம் மேலே வந்ததும் கையால் எதையும் பிடிக்காதீர்கள். கால்களுக்கு நடுவில் அகலமான வாளி வைத்து, வளையத்தை அதன்மேல் கவிழ்த்து உதறுங்கள். வலையைப் பிடித்துத் தொங்கினால் இடுக்கியால் தட்டிவிடுங்கள். வாளிக்கு மூடி வேண்டும். கழி நண்டின் கொடுக்கு விரலெலும்பை நொறுக்கக்கூடியது. கவ்விவிட்டால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுக்கும். கையை நண்டோடு தண்ணீருக்குள் விட்டால் பெரும்பாலும் தானே விட்டுவிடும்.

7. எதை எடுப்பது, எதை விடுவது

நண்டைப் புரட்டி வயிற்று மடலைப் பாருங்கள். ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். மடலுக்கடியில் மஞ்சளோ கருப்போ பஞ்சு போல முட்டைத்திரள் தெரிந்தால் உடனே அதே இடத்தில் விடுங்கள். லட்சக்கணக்கான முட்டைகள் அதில் இருக்கும். ஓட்டின் அடிப்பக்கம் கால்களுக்கருகே அழுத்தும்போது அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே தண்ணீர்தான், சதை இருக்காது. விடுங்கள். ஓட்டின் அகலம் என் விரித்த கைக்குக் குறைந்தால் நான் எடுப்பதில்லை. ஒரு வீட்டுக்கு நான்கைந்து கழி நண்டு தாராளம்.

8. ஊர்வரை கொண்டுவர

நாம் செய்யும் பெரிய தவறு, நண்டைத் தண்ணீர் வாளியிலேயே ஊருக்குக் கொண்டுவருவது. தேங்கிய தண்ணீரில் மூச்சு தீர்ந்து செத்துவிடும். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம். கழி நண்டு ஈரம் இருந்தால் வெளிக்காற்றிலேயே நாள்கணக்கில் தாங்கும். ஆற்று உப்புத்தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சாக்கை ஒரு கூடையில் விரித்து, நண்டை வயிறு கீழே இருக்க அடுக்கி, மேலே இன்னொரு ஈரச்சாக்கு. கொடுக்குகளைக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று உடைத்துக்கொள்ளும். கட்டுவதைப் படகுக்காரரிடமே விட்டுவிடுங்கள், காலால் அமுக்கி நொடியில் கட்டுவார். ஒரு பாட்டில் ஆற்றுத் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, விருத்தாசலத்தில் ஒரு முறை, சேலத்தில் ஒரு முறை சாக்கை நனையுங்கள். வெயில் படாத இடம், ஜன்னல் கொஞ்சம் திறந்து.

நீலக்கால் நண்டு (கடலில் நீந்தும் நீலநிற நண்டு) மாட்டினால், அது இப்படித் தாங்காது. பிடித்த உடனே ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள், உருகும் தண்ணீர் வடிய வழி இருக்கட்டும். வழியில் கழி நண்டு செத்து, எப்போது செத்தது என்று தெரியாவிட்டால் சமைக்காதீர்கள். வீடு வந்ததும் உயிர் நண்டை அரை மணி நேரம் ஐஸில் வைத்து மரத்துப்போன பிறகு வெட்டுங்கள், அதற்கும் வதை குறைவு, உங்கள் கைக்கும் பாதுகாப்பு.

செலவைக் கடைசியில் சொல்கிறேன், கேட்டு மலைக்க வேண்டாம் என்பதற்காக. படகு, ஜாக்கெட் நீங்கலாக, இருவருக்குக் காரில் போய்வர எரிபொருளும் சுங்கமும் நாலாயிரம், அறை ஆயிரத்து இருநூறு, படகுக்காரர், சாப்பாடு என்று ஏழாயிரம் கிட்ட ஆகும். சந்தையில் வாங்கினால் இதைவிட மலிவாகவே நண்டு கிடைக்கும். சாப்பாட்டுக்காக மட்டும் என்றால் இந்தப் பயணம் கட்டாது.

திரும்பிய அன்றே கயாக், ஜாக்கெட், துடுப்பு எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். காற்று அடைக்கும் வால்வில் மணல் இருந்தால் அடுத்த முறை காற்று கசியும். ரிம் துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவி, முடிச்சுகளை ஒருமுறை இழுத்துப் பார்த்து, எலி எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள். இரை வாசம் எத்தனை கழுவினாலும் வலையில் தங்கும்.